வெயிலைத் தாளில் கொண்டுவருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

யதார்த்த பாணி ஓவியத்தில் நிறத்தையும் ஒளியையும் கையாள்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தையும், அதற்குப் பின்னால் வெயில் விழுந்த சுண்ணாம்புச் சுவரையும், வாசற்படிக்குள் தெரியும் கூடத்தையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். வடிவம் பிசகவில்லை. குடத்தின் மஞ்சளும் சுவரின் வெள்ளையும் நேரில் உள்ளபடியே இருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் படத்தில் வெயில் இல்லை. எங்கே தவறினேன்? (மன்னார்குடி வாசகர்)

பதில்: உங்கள் மஞ்சளையும் வெள்ளையையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவற்றுக்கும் அவற்றின் அருகிலுள்ள இருட்டுக்கும் இடையே நீங்கள் விட்டிருக்கும் இடைவெளிதான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). அதே நேரத்தில் கூடத்துக்குள் இருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் 100, 200 லக்ஸ் அளவில்தான் இருக்கும். அதாவது, ஒரே சுண்ணாம்பு பூசிய இரண்டு சுவர்களில் வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட 500 முதல் 1,000 மடங்கு அதிகமாக ஒளிர்கிறது. நம் கையில் உள்ள வண்ணங்களின் எல்லையோ மிகவும் குறுகியது. நல்ல டைட்டானியம் வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். காய்ந்துபோன கருப்பு வண்ணம்கூட 4 விழுக்காடு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, கேன்வாஸில் நம்மால் காட்ட முடிகிற மிக உயர்ந்த ஒளிக்கும் மிக ஆழ்ந்த இருட்டுக்கும் இடையே இருபது மடங்குக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான் உண்டு. ஆயிரம் மடங்கை இருபது மடங்குக்குள் சொல்ல வேண்டும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஓவியமும் ஒளியியலும் குறித்து 1870களில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை விளக்கி, ஓவியரால் இயற்கையை நகலெடுக்க இயலாது, மொழிபெயர்க்கத்தான் இயலும் என்றார்.

எனவே வெயில் விழுந்த சுவரை வரைகிறவர், அந்தச் சுவருக்காக மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்கியாக வேண்டும். வாசற்படிக்குள் தெரியும் கூடத்தில் பெஞ்சும் நாற்காலியும் நாட்காட்டியும் இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால் அவற்றை எல்லாம் தெளிவாக வரைந்திருப்பீர்கள். வெயிலைப் பார்த்துப் பழகிய கண் அந்த இருட்டில் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. கூடத்தை ஒரே அடர்ந்த பழுப்பாக விட்டுவிட்டுச் சுவரின் வெள்ளையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். அதே வெள்ளை கூசும். கலப்பில்லாத வெள்ளையைச் சுவரில் செலவழிக்காமல் குடத்தின் மின்னும் புள்ளிகளுக்கென்று சேமித்து வைப்பதும் அவசியம். வண்ணத்தைத் தொடுவதற்கு முன் உள்ளங்கை அளவுத் தாளில், பென்சிலால், நான்கைந்து டோன்களில் (வெளிச்சம், இருட்டின் படிநிலைகளில்) மட்டும் காட்சியை வரைந்துபாருங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரிந்து தெரியும். அந்தச் சிறு படத்தில் வெயில் வந்துவிட்டால் பெரிய படத்திலும் வரும். அதில் வராத வெயிலை எந்த மஞ்சளாலும் பிறகு கொண்டுவர முடியாது.

குடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மண்பானையின்மேல் ஒளி மெல்ல மெல்லத் தேய்ந்து நிழலாகும். விளக்கிய பித்தளை ஒரு வளைந்த கண்ணாடி. அதில் மிகப் பளிச்சென்ற இடத்துக்கு அடுத்த விரற்கடையிலேயே கரும்பழுப்பு நிற்கும், ஏனெனில் அங்கே ஓர் இருண்ட கதவு பிரதிபலித்துக்கொண்டிருக்கும். பித்தளையை மண்பானைபோல் படிப்படியாக நிழலிட்டால் அது மஞ்சள் பூசிய பானையாகிவிடும். உலோகத்துக்கு இன்னோர் இயல்பும் உண்டு: பீங்கானிலும் பழத்தோலிலும் மின்னும் புள்ளி, ஒளியின் நிறத்திலேயே, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், பித்தளையிலும் செம்பிலும் அந்த உலோகத்தின் நிறத்தைத் தானும் ஏற்றுக்கொண்டு மின்னும்.

கேள்வி: நிழலுக்குக் கருப்பு கலக்கக் கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர். நிழல் நீலமாகத்தான் இருக்கும் என்கிறார் இன்னொருவர். எனக்கு நிழல் சாம்பலாகத்தான் தெரிகிறது. எதை நம்புவது? (மதுரை வாசகி)

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள், அதற்குச் சற்றுப் பயிற்சி கொடுத்துவிட்டு நம்புங்கள்.

நிழல் என்பது ஒளியே இல்லாத இடம் என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வெட்டவெளியில் விழும் நிழலுக்குள் சூரியன் மட்டும்தான் வரவில்லை. நீல வானத்தின் ஒளி முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியில் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால் வானம் நீலமாகிறது. அந்த நீலம் நிழலுக்குள் இறங்குகிறது. வெண்ணிறப் பொருளின் நிழல் நீலம் பாய்ந்திருப்பதை லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இதையே சூத்திரமாக்கி எல்லா நிழலிலும் நீலத்தைத் தீட்டுவது, கருப்பைத் தீட்டுவதற்குச் சமமான பிழை என்பது என் உறுதியான எண்ணம். செம்மண் தரையில் விழும் நிழல் நீலமாவதில்லை. செம்மண்ணின் சிவப்பு சற்றே அடங்கி ஊதாவை நோக்கி நகரும், அவ்வளவுதான். கொடியில் காயும் வெள்ளை வேட்டியைக் காலை பத்து மணிக்கு உற்றுப் பாருங்கள். மடிப்புகளில் வானத்தை நோக்கித் திரும்பிய நிழல்கள் இளநீலமாக இருக்கும். கீழே தரையை நோக்கித் திரும்பிய நிழல்களில் மண்ணின் செம்மை ஏறி, வெளிர் ஆரஞ்சாகத் தெரியும். ஒரே வேட்டி, ஒரே நிழல், இரண்டு நிறங்கள்.

இதற்கு நான் அறிந்த மிக அழகிய சான்று, ஸ்பெயின் நாட்டு ஓவியர் சொரோயா 1896இல் வரைந்த, பாய்மரத் துணியைத் தைக்கும் காட்சி. வெனிஸ் நகரின் கா பெசாரோ அரண்மனையில் இருக்கும் அந்தப் பெரிய படத்தின் நடுவே நீண்டு கிடப்பது வெள்ளைத் துணி. ஆனால் அதன் பரப்பில் வெறும் வெள்ளையாக விட்ட இடம் மிகக் குறைவு. நீலம், ஊதா, இலைகளிலிருந்து வந்த பச்சை, வெயிலின் மஞ்சள் என்று பல நிறங்கள் சேர்ந்தே நமக்கு வெள்ளைத் துணியாகின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அந்திப்பொழுதில் சன்னலைத் திறந்துவைத்து, மறுபுறம் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, நடுவில் வெள்ளைத் தாளின்மேல் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். இரண்டு நிழல்கள் விழும். மெழுகுவர்த்தி மறைக்கப்பட்ட நிழலில் சன்னலின் ஒளி மட்டும் இருப்பதால் அது நீலமாகவும், சன்னல் மறைக்கப்பட்ட நிழலில் சுடரின் ஒளி மட்டும் இருப்பதால் அது ஆரஞ்சாகவும் தெரியும். இதை ஒருமுறை பார்த்தவருக்கு நிழலின் நிறத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிராது.

கருப்பைப் பொறுத்தவரை, உங்கள் ஆசிரியர் தொடக்க நிலை மாணவர்களுக்குச் சொன்னது சரியே. எந்த நிறத்தோடும் கருப்பைச் சேர்த்து நிழலாக்கும் பழக்கம், மஞ்சளைப் பச்சையாக்கும். சிவப்பை உயிரற்ற பழுப்பாக்கும். ஆயினும் கருப்பு தன்னளவில் குற்றமுள்ள வண்ணமன்று. அதை வைத்துக்கொண்டு பெரிய ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கீழே வேறொரு கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: வண்ணக் கலவை பற்றிய நூல்களில் தோல் நிறம் என்று தரப்படுவதெல்லாம் ஐரோப்பியர்களின் தோலுக்கானதாகவே இருக்கிறது. என் பாட்டியின் முகத்தை வரைய முயன்றேன். கருநிறத்தில் ஒளியைக் காட்ட வெள்ளை சேர்த்தால், முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. மாநிறத்தையும் கருநிறத்தையும் தீட்ட வழி சொல்லுங்கள். (தூத்துக்குடி வாசகி)

பதில்: இந்தக் கேள்வி வந்ததற்காக மகிழ்கிறேன். நம் முகங்களை வரைவதற்கு நாமே கண்டடைய வேண்டிய வழிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

தோலிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு வகைப்பட்டது. ஒருபகுதி தோலுக்குள் நுழைந்து, அங்குள்ள நிறமியிலும் இரத்தத்திலும் பட்டுச் சிதறி, நிறமேறி வெளிவருகிறது. இன்னொரு பகுதி உள்ளே நுழையாமல், எண்ணெய்ப் பசையுள்ள மேற்பரப்பிலிருந்தே திரும்பிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் இப்படித் திரும்புவது சுமார் 4 விழுக்காடு. தோல் வெளுத்திருந்தாலும் கறுத்திருந்தாலும் இந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வெளிர்த் தோலில், உள்ளிருந்து வரும் ஒளி மிகுதியாக இருப்பதால் மேற்பரப்பு மினுக்கம் அதில் கரைந்துபோகிறது. கருநிறத்தில் உள்ளிருந்து வரும் ஒளி குறைவு. ஆகவே அதே மினுக்கம் நெற்றியிலும் கன்னமேட்டிலும் மூக்கு நுனியிலும் தோள்பட்டையிலும் தெளிவாக எழுந்து நிற்கிறது. கருநிற முகம் ஒளியை இவ்வளவு அழகாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டையும் ஒரே கலவையால் வரைய முயன்றதால்தான் சாம்பல் வந்தது. முகத்தின் வெளிச்சப் பகுதியை முதலில் வெள்ளையின்றி உயர்த்துங்கள். பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த பழுப்பை அடிப்படையாகக் கொண்டு, வெளிச்சத்துக்கு நகரும்போது யெல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சளையும், தேவையான இடத்தில் காட்மியம் ஆரஞ்சையும் சேர்த்துக்கொண்டே செல்லுங்கள். வெள்ளை வண்ணம் எந்தக் கலவையையும் குளிரச் செய்யும், சுண்ணத்தன்மை கொடுக்கும். ஆகையால் இங்கே அது மிகச் சிறிதளவே போதும். இந்த அடித்தளம் முடிந்தபின், மேற்பரப்பு மினுக்கத்தைத் தனியாக வையுங்கள். அதன் நிறத்தைத் தீர்மானிப்பது தோலன்று, அந்த அறையின் ஒளிதான். வானத்தைப் பார்த்த சன்னலருகே பாட்டி அமர்ந்திருந்தால் அவரது நெற்றியின் மினுக்கம் நீலச் சாம்பலாக இருக்கும். குண்டு பல்பின் கீழ் என்றால் வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த நீலச் சாம்பலைச் சிறு சிறு இடங்களில், விளிம்பு தேய்த்து வைத்தால் உயிர் வரும். முகம் முழுவதும் பரவவிட்டால் நீங்கள் கண்ட சாம்பல் மீண்டும் வந்துவிடும்.

வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையைக் கவனியுங்கள். மாநிறத்தில் அந்த எல்லையில்தான் சிவப்பு மிகுதியாகத் தெரியும். காது மடலிலும் விரல் நுனியிலும் உதட்டின் உட்புறத்திலும் அந்தச் செம்மை இருக்கும். கண்ணைச் சுற்றிய குழி, முகத்தின் மற்ற இடங்களைவிட ஊதாவாக ஆழ்ந்திருக்கும். தாடைக்குக் கீழே விழும் நிழலை ஒரே பழுப்பாக மூடிவிடாதீர்கள். பாட்டி அரக்குச் சேலை உடுத்தியிருந்தால் அதன் அரக்கு அங்கே ஏறியிருக்கும். கழுத்தின் மஞ்சள் கயிறுகூடத் தன்னைச் சுற்றி ஒரு விரற்கடை தூரத்துக்கு மஞ்சளைப் பரப்பும்.

கும்பகோணத்துக்கு அருகே பிறந்து, 2021இல் கொரோனாவால் நம்மைவிட்டு மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களை இதழ்கள் வழியே பலர் அறிவீர்கள். வாசலிலிருந்தோ சன்னலிலிருந்தோ பக்கவாட்டில் வரும் ஒளியில், நம் ஊர்ப் பெண்களையும் சிறுமிகளையும் அவர் தீட்டிய முகங்களை இந்தக் கண்ணோடு மறுபடியும் பாருங்கள். மாநிறத்தை வெளுப்பாக்காமலே ஒளிரவைக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட இயலாது. ரவி வர்மாவின் மூல ஓவியங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன; அச்சுப்படிகளைப் பார்த்து அவரது நிறங்களை மதிப்பிட வேண்டாம், ஏனெனில் அச்சில் முதலில் இழக்கப்படுவது நிழலுக்குள் இருக்கும் நிற வேறுபாடுகள்தான்.

கேள்வி: மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில், விளக்கைக் கையால் மறைத்தபடி நிற்கும் பெண்ணை ரவி வர்மா வரைந்த ஓவியத்தைக் கண்டேன். படத்துக்குப் பின்னால் மின்விளக்கு வைத்திருக்கிறார்களோ என்று ஐயுறும் அளவுக்கு ஒளிர்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இது எப்படிச் சாத்தியமானது? (ஓசூர் வாசகர்)

பதில்: இரண்டு திருத்தங்களோடு தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த ஓவியத்தை வரைந்தவர் ரவி வர்மா அல்லர். அவர் 1906லேயே காலமாகிவிட்டார். அதை 1940களில் வரைந்தவர், மும்பையின் ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் பயின்ற எஸ். எல். ஹல்தன்கர். விளக்கேந்தி நின்றவர் அவருடைய மகள். அது எண்ணெய் வண்ணமும் அன்று, நீர்வண்ணம். இந்த இரண்டாவது செய்தியே உங்கள் வியப்பைப் பன்மடங்காக்கும்.

நீர்வண்ணத்தில் ஒளி என்பது தாள்தான். வண்ணம் மெல்லிய படலமாகத் தாளின்மேல் கிடக்கிறது. வெளிச்சம் அதைக் கடந்து சென்று, வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடியும் அதே படலத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே மிக ஒளிர வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டு, இருட்டை மட்டும் படலம் படலமாக ஏற்றிக்கொண்டே செல்ல வேண்டும். தவறி ஒருமுறை அடர்த்தியாகிவிட்டால் தாளின் ஒளியை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. அவ்வளவு பெரிய இருட்டை நீர்வண்ணத்தில் கறையின்றி எழுப்பியதே அவருடைய முதல் சாதனை.

அடுத்தது, விளக்கொளியின் இயல்பை அவர் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார் என்பது. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால், வெயில் ஒருவரின் தலையிலும் காலிலும் ஒரே அளவில் விழும். சுடரின் ஒளி அப்படியன்று. சுடரிலிருந்து ஒரு சாண் தொலைவில் உள்ள ஒளியை ஒன்று என்று கொண்டால், இரண்டு சாணில் அது நான்கில் ஒரு பங்கு, மூன்று சாணில் ஒன்பதில் ஒரு பங்கு. எனவே கை, மார்பு, முகம், முந்தானை ஆகிய ஒவ்வொன்றும் சுடரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதற்கேற்ப வேகமாக இருண்டாக வேண்டும். இந்த இறக்கம் சரியாக அமைந்துவிட்டால், சுடரைக் காட்டாமலே கூடச் சுடர் எங்கே இருக்கிறது என்று பார்வையாளர் உணர்ந்துவிடுவார். நிறமும் மாறும். எண்ணெய் விளக்கின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அந்த ஒளியில் நீலச் சேலை ஏறத்தாழக் கருப்பாகும், மஞ்சளும் சிவப்பும் உயர்ந்து நிற்கும்.

நம்மைக் கட்டிப்போடுவது, சுடரை மறைக்கும் அந்தக் கைதான். விரல்களின் சதையை ஊடுருவி வரும் ஒளி இரத்தத்தால் சிவந்து வருகிறது. ஆகவே விரல்களின் நடுப்பகுதி மங்கியும், ஓரங்களும் இடுக்குகளும் செந்நிறமாகக் கனன்றும் தெரியும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் தெ லா தூர் 1640களில் வரைந்து, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள தச்சர் சூசையப்பர் படத்தில், குழந்தை இயேசு மெழுகுவர்த்திச் சுடரைக் கையால் மறைக்கும் இடத்திலும் இதே கனலைக் காணலாம். முந்நூறு ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒரே உண்மையைக் கண்ணால் கண்டு தீட்டியிருக்கிறார்கள். இன்றிரவு நீங்களும் உங்கள் கையைச் சுடருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தொடக்க நிலையில் எத்தனை வண்ணக்குழாய்கள் வாங்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: நான்கு போதும். சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன், 1896இல் தம்மைத் தாமே வரைந்த படத்தில் கையில் வைத்திருக்கும் தட்டில் வெள்ளை, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன் சிவப்பு, கருப்பு ஆகியவையே இருக்கின்றன. நீலம் இல்லை. கருப்போடு வெள்ளையைக் கலந்தால் வரும் சாம்பல், ஆக்கருக்கும் சிவப்புக்கும் அருகில் வைக்கப்படும்போது நீலமாகவே தோன்றும். ஆக்கரும் கருப்பும் சேர்ந்து அடங்கிய பச்சையைத் தரும். கருப்பைப் பற்றி நான் முன்பு குறிப்பிட்டது இதைத்தான். அவர் காலத்து ஈய வெள்ளையும் பாதரசம் கலந்த வெர்மிலியனும் நஞ்சு. அவற்றுக்குப் பதில் டைட்டானியம் வெள்ளையையும் காட்மியம் ரெட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இந்த நான்கிலேயே முகங்களை வரைந்தபின் அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்க்கலாம்.

கேள்வி: வண்ணத்தட்டில் மிகச் சரியாகக் கலந்த நிறம், படத்தில் வைத்தவுடன் வேறாகிவிடுகிறது. வண்ணம் தரமற்றதா? (திருச்சி வாசகர், மேலும் இருவர்)

பதில்: இதே புகார் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோப்லான் நெசவுக்கூடத்தில் எழுந்தது. அங்கே நெய்யப்பட்ட திரைச்சீலைகளில் கருப்பு நூலுக்குப் போதிய அழுத்தம் இல்லை என்று குறை கூறினார்கள். சாயப் பிரிவின் தலைமைப் பொறுப்பை 1824இல் ஏற்ற வேதியியலாளர் ஷெவ்ரோல், சாயத்தைச் சோதித்துப் பார்த்து அதில் குற்றமில்லை என்று கண்டார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் வைத்ததால்தான் அந்தக் கருப்பு வலுவிழந்து தெரிந்தது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்னும் இந்த உண்மையை விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார்.

உங்கள் வண்ணத்தட்டு பழுப்பு மரமாகவும் கேன்வாஸ் வெள்ளையாகவும் இருந்தால், இரண்டிலும் ஒரே நிறம் ஒரேபோல் தெரிய வழியே இல்லை. வெள்ளைக் கேன்வாஸின்மேல் வைக்கும் முதல் நிறம் எதுவானாலும் கருமையாகத் தோன்றும்; அதைக் கண்டு அஞ்சி வெளுப்பாக்கிக்கொண்டே போவோம்; இறுதியில் வெள்ளை முழுவதும் மறைந்தபின் படம் வெளிறிக் கிடக்கும். முதலில் கேன்வாஸ் முழுவதும் பர்ன்ட் சியன்னாவை நீர்க்கப் பூசி, நடுத்தரமான ஒரு டோனுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மூலையிலிருந்து முடித்துக்கொண்டு வராமல், படத்தின் பெரிய நான்கைந்து நிறங்களைத் தோராயமாக உடனே வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

கண்ணின் இந்த இயல்புக்கு ஒரு நல்ல சான்று, அமெரிக்க அறிவியலாளர் எட்வர்ட் அடெல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படம். அதில் நிழலுக்குள் உள்ள வெள்ளைக் கட்டமும் நிழலுக்கு வெளியே உள்ள கருப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம் கொண்டவை. ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் நம் மூளை அதை ஒப்புக்கொள்வதில்லை. நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டையை மாணவர்கள் மிகையாக வெளுப்பாக வரைவது இதனால்தான். ஒரு சிறு அட்டையில் துளையிட்டு, அதன் வழியே சட்டையின் நிழற்பகுதியை மட்டும் தனித்துப் பாருங்கள்; அது எவ்வளவு கருமையானது என்று உங்களுக்கே திகைப்பாக இருக்கும்.

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து வரைவது குற்றமா? (சேலம் வாசகி)

பதில்: குற்றமில்லை. ஆனால் கைபேசியின் கேமரா உங்களைக் கேட்காமலே இரண்டு முடிவுகளை எடுத்துவிடுகிறது. ஒளியின் நிறத்தைத் தானாகவே சமன்செய்து, விளக்கொளியின் செம்மையையும் நிழலின் நீலத்தையும் பெருமளவு நீக்கிவிடுகிறது. கூடத்தின் இருட்டையும் வாசலின் வெயிலையும் ஒருசேரக் காட்டுவதற்காக இருட்டை உயர்த்தி, வெயிலைத் தாழ்த்திவிடுகிறது. இந்த இதழின் முதல் கேள்வியில் சொன்ன மொழிபெயர்ப்பை அந்தக் கருவி தன் விருப்பப்படி முன்னமே செய்து முடித்துவிடுகிறது. அதன்மேல் நீங்கள் செய்வது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகும். வடிவத்துக்குப் புகைப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு, அதே இடத்தில் அரைமணி நேரம் அமர்ந்து ஓர் உள்ளங்கை அளவுப் படத்தை நேரில் தீட்டி வையுங்கள். பெரிய படத்தை வரையும்போது இரண்டும் முரண்பட்டால் சிறிய படத்தின் பக்கமே நில்லுங்கள்.

கேள்வி: தாமிரபரணிக் கரையில் அந்தி நேரத்தில் ஸ்பாட் பெயின்டிங் (காட்சியை அங்கேயே அமர்ந்து வரைவது) செய்கிறோம். ஒளி மாறிக்கொண்டே போகிறது. துரத்திப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. (திருநெல்வேலி ஓவிய மாணவர்கள்)

பதில்: துரத்துவதை நிறுத்துவதே வழி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு இருபது நிமிடங்கள், அதற்குச் சற்றே மேல், வேலை செய்யும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். ஐரோப்பிய ஓவியர்களுக்குக் கோடையில் கிடைக்கும் நீண்ட அந்தி நமக்கு இல்லை. இந்த நேரத்துக்குள் ஒரு முழுப் படத்தை முடிக்க நினைத்தால், அடிவானம் ஐந்தே முக்கால் மணி ஒளியிலும், ஆற்று நீர் ஆறேகால் மணி ஒளியிலும் அமைந்துவிடும். ஒட்டாமல் போவதற்குக் காரணம் அதுவே. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 ஆண்டுகளில் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களை உடன் வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் கேன்வாஸையும் மாற்றினார். அவரை யதார்த்த ஓவியர்களின் வரிசையில் வைக்க மாட்டோம் என்றாலும், இந்த ஒழுங்கை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்று சிறிய அட்டைகளைக் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். நேரம் முடிந்ததும், முடியாவிட்டாலும், அட்டையை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் முதல் அட்டையைத் தொடருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு விரைவாக மங்கும். நீலமும் பச்சையும் அதைவிட ஒளிர்ந்து தெரியும். செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதினார். பகலில் இலையைவிடப் பளிச்சென்று தெரியும் செம்பருத்தி, இருட்டத் தொடங்கியதும் இலையைவிடக் கறுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வேளையில் உங்கள் வண்ணத்தட்டும் அதே மங்கலில்தானே இருக்கிறது? சிவப்பு போதவில்லை என்று தோன்றி மேலும் மேலும் சேர்ப்பீர்கள். விளக்கொளியில் பார்க்கும்போது படித்துறையின் செங்கல் தீப்பிடித்ததுபோல் இருக்கும். எனவே அந்திக்குத் தேவையான ஏழெட்டுக் கலவைகளைப் பகல் வெளிச்சத்திலேயே கலந்து, தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள். அங்கே போனபின் சிவப்புக் குழாயைத் திறக்க வேண்டாம்.